டச்சு எழுத்துக்கூட்டல்: பன்மையில் ஒரு ஏ ஏன் காணாமல் போகிறது?

காவிரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். வேலை விஷயமா நெதர்லாந்துல இருக்கற உட்ரெக்ட் வந்து, இப்ப மாலை நேர டச்சு வகுப்புல இருக்கேன். பேச்சு மெதுவா வருது, காதும் பழகுது. எழுதறதுதான் பிடிபடலை.

நிலாவுக்கு 'மான்'. எழுத்து எம், ஏ, ஏ, என். நிலாக்கள்னா 'மானென்', அதுல முதல் பாதியில ஒரே ஒரு ஏ. ஆணுக்கு 'மன்': எம், ஏ, என். ஆண்கள்னா 'மன்னென்', இங்க நடுவுல என் ரெண்டு. ஒரு இடத்துல எழுத்து குறையுது, இன்னொரு இடத்துல கூடுது. புத்தகத்துல ரெண்டு வரியில விதியைப் போட்டுட்டுப் பயிற்சிக்குப் போயிட்டாங்க. விதி மனப்பாடம். ஆனா புதுச் சொல் வந்தா கை நின்னுடுது. யாராவது தமிழ்ல விளக்குங்களேன்.

ஒரு வேண்டுகோள். சொல்லைக் காதுல விழறபடி தமிழ் எழுத்துல எழுதுங்க, கூட்டலைச் சொல்லும்போது எழுத்தோட பேரைச் சொல்லுங்க. டி ரெண்டு இருக்கறதால, ஃபோன்ல சொல்ற மாதிரி டெல்லி டி, டைகர் டின்னு வெச்சுக்கலாம். ஜி எழுத்துக்கு 'ஹ' போடலாம். அது தொண்டையிலிருந்து வரணும்னு எல்லாருக்கும் தெரியும்.

நாவலடி

பிள்ளை, முதல்ல பேனையைக் கீழ வையுங்கோ. சொல்லை வாயால அசை அசையாப் பிரியுங்கோ. இந்த மொழியில எழுதத் தொடங்கிற இடம் அதுதான்.

'மானென்' எப்பிடிப் பிரியுது? மா-னென். முதல் அசை உயிர் ஒலியில முடியுது. இதைத்தான் திறந்த அசை எண்டு சொல்லுறவை. 'மன்னென்' எப்பிடி? மன்-னென். முதல் அசை மெய்யில முடியுது. அது மூடின அசை.

எங்களுக்குக் குறிலுக்கு ஒரு எழுத்து, நெடிலுக்கு ஒரு எழுத்து. டச்சுக்காரருக்கு அந்த வசதி இல்லை. அதே ஏ எழுத்துத்தான் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும். அப்ப வாசிக்கிற ஆள் எதை வைச்சுக் கண்டுபிடிக்கிறது? அசை எங்க முடியுது எண்டதை வைச்சுத்தான். திறந்த அசையில ஒற்றை எழுத்து நெடில். மூடின அசையில ஒற்றை எழுத்து குறில். இது ஒண்டு மனசில நிண்டாக் காணும்.

இப்ப உங்கட சொற்களைத் திரும்பப் பாருங்கோ. 'மான்' மூடின அசை. ஒரு ஏ போட்டா 'மன்' எண்டு வாசிப்பினம், அதாலதான் ரெண்டு. 'மா-னென்'இல அசை திறந்து கிடக்கு, ஒரு ஏ போதும், இரண்டாவதுக்கு அங்க வேலை இல்லை. 'மன்னென்'இல ஒரு என் மட்டும் எழுதினா? வாசிக்கிறவர் மா-னென் எண்டு பிரிப்பார், ஆண்கள் நிலாக்கள் ஆகிவிடுவினம். அசையை மூடத்தான் இரண்டாவது என்.

இன்னொரு சோடி. மரம் 'போம்', ஓ ரெண்டு. மரங்கள் 'போமென்', ஓ ஒண்டு. குண்டு 'பொம்', ஓ ஒண்டு. குண்டுகள் 'பொம்மென்', ஓ ஒண்டு, எம் ரெண்டு. நாலையும் ஒரு தாளில எழுதி ஒவ்வொண்டையும் வாயால பிரிச்சுப் பாருங்கோ. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு எண்டா நான் 'கந்தோர்' எண்ட சொல்லைக் காட்டுவன். அந்தக் காலத்து உலாந்தாக்காரர், அதுதான் டச்சுக்காரர், விட்டுப்போன சொல், இங்க இண்டைக்கும் அலுவலகம் 'கன்டோர்'தான். ஒருமையில கடைசி அசையில ஓ ரெண்டு. பன்மை கன்-டோ-ரென், ஓ ஒண்டு.

தறிக்காரன்

ஐந்தோவன்ல இருந்துங்க. அக்கா சொன்னதுல ஒண்ணு சேர்க்கோணும். சொல்லோட கடைசியில வர்ற 'ஏ' ஒலிக்கு மட்டும் விதி கொஞ்சம் மாறுமுங்க. கடலுக்கு 'ஸே': இசட், ஈ, ஈ. அசை திறந்துதான் இருக்குது, இருந்தும் ஈ ரெண்டு. ஏன்னா சொல்லு முடிவுல ஒத்தை ஈ வந்தா அதை மெல்லிசா, பாதி விழுங்கின 'எ'வாத்தான் சொல்வாங்க. 'அவள்'ங்கற 'ஸெ'வுக்கு அந்த ஒத்தை ஈ. ரெண்டு, 'ட்வே', அதுக்கும் ஈ ரெண்டு. மத்த உயிருக்கு இந்தத் தொல்லை இல்லைங்க: 'யா', 'ஸோ', 'நூ' எல்லாம் ஒத்தை எழுத்துல முடியும்.

காவிரிக்கரை

அக்கா, அசை பிரிச்சுப் பார்த்ததும் பாதிப் பயிற்சி தானா வந்துடுச்சு. ஆனா ஒண்ணு இடிக்குது. நாளுக்கு 'டஹ்', குறில். மூடின அசை, ஒரு ஏ. சரி. விதிப்படி பன்மையில ஜி ரெண்டு வரணுமே? புத்தகத்துல ஒரு ஜி தான் இருக்கு.

இன்னொண்ணு. இங்க கடையில பேசறவங்க 'மன்னெ', 'போமெ'ன்னுதான் சொல்றாங்க. அந்தக் கடைசி என் கேக்கவே மாட்டேங்குதே?

தறிக்காரன்

முதல் கேள்விக்கு நான் சொல்றேனுங்க. அந்தப் பன்மையை வாத்தியார் எப்படிச் சொல்றாருன்னு கவனிங்க. 'டஹ்ஹென்' இல்லை, 'டாஹென்'. ஒலியே குறில்ல இருந்து நெடிலாயிருச்சு. எழுத்து அந்த ஒலியை அப்படியே காட்டுது. விதி உடையலைங்க, சொல்லுதான் மாறுது. இந்த மாதிரி ஒரு சின்னக் கூட்டம் இருக்குது: வழிக்கு 'வெஹ்', பன்மை 'வேஹென்'. கண்ணாடிக் குவளை 'ஹ்லஸ்', பன்மை 'ஹ்லாஸென்'. கப்பல் 'ஸ்ஹிப்', பன்மை 'ஸ்ஹேபென்'. நகரம் 'ஸ்டட்', பன்மை 'ஸ்டேடென்'. அன்னாடம் புழங்கற சொல்லுங்கதான், கேட்டுக் கேட்டே பழகிரும்.

உண்மையான விலக்கு வேற இடத்துல இருக்குதுங்க. மூடற மெய்யை ரெட்டிப்பாக்கற வழக்கம் அழுத்திச் சொல்ற அசைக்குத்தான். துறவிக்கு 'மொன்னிக்', பன்மையில கே ஒண்ணே ஒண்ணு, ஏன்னா 'னிக்' அழுத்தமில்லாத அசை. 'வன்டெலென்'ன்னா உலாத்தறது, அதுலயும் எல் ஒண்ணுதான். கடினம்ங்கற 'மூய்லெக்' பின்னாடி ஈ சேரும்போதும் கே ரெண்டாகாது.

நாவலடி

கடைசி என் பற்றி. மேற்குப் பக்கம், ஆம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம், உங்கட உட்ரெக்ட் எல்லாம் அதைச் சொல்லுறதில்லை. வடகிழக்கில, குரோனிங்கன் பக்கம் போனா என்னைச் சொல்லிப்போட்டு அதுக்கு முன்னால இருக்கிற ஈ-யை விழுங்குவினம். எழுதேக்க எல்லாரும் ரெண்டையும் எழுத வேணும்.

இப்ப வினைச்சொல்லுக்கு வாருங்கோ, இதே விதி அங்கதான் முழு வேலை செய்யுது. 'லேஸென்' எண்டா வாசிக்கிறது. எழுத்து எல், ஈ, இசட், ஈ, என். 'நான் வாசிக்கிறன்' எண்டு எழுத வேணும். கடைசி ஈ-யையும் என்னையும் வெட்டுங்கோ. மிஞ்சிறது எல், ஈ, இசட். ஒலி நெடிலா? ஓம், 'லே'. முந்தி லே-ஸென் எண்டு திறந்திருந்த அசை இப்ப மெய்யில முடியுது. அப்ப ஈ ரெண்டாக வேணும். அடுத்தது, டச்சுக்குச் சொந்தமான சொல் இசட்டிலயும் முடியாது, வி-யிலயும் முடியாது. இசட் எஸ்ஸாகும், வி எஃப்பாகும். ஆக, எல், ஈ, ஈ, எஸ்: 'இக் லேஸ்'. நீ எண்டால் பின்னால டைகர் டி: 'யெய் லேஸ்ட்'. நாங்கள் எண்டால் பழையபடி முழுச்சொல்: 'வெய் லேஸென்', ஒரு ஈ, இசட்.

இப்பிடியே வாழுறதுக்கு 'லேவென்', நான் எண்டால் 'லேஃப்'. ஒரு இடத்தில குடியிருக்கிறது 'வோனென்', நான் எண்டால் 'வோன்', ஓ ரெண்டு. கதிரையில இருக்கிறது 'ஸிட்டென்', நடுவில டைகர் டி ரெண்டு. ஈ-என் வெட்டினா டி ரெண்டும் கடைசியில நிக்கும். சொல்லின்ர முடிவில மெய் ரெட்டிப்பா நிக்க விடமாட்டினம், அதால ஒண்டு: 'இக் ஸிட்'. நீ, அவன் எல்லாத்துக்கும் அதே, ஏனெண்டால் ஏற்கெனவே டைகர் டி-யில முடிஞ்சிட்டுது.

எங்கட ஆக்களுக்கு நெடில் குறில் லேசு, அதில ஐரோப்பாவின்ர வேறை மொழிக்காரரை விட நாங்கள் ஒரு படி முன்னுக்கு நிக்கிறம். எங்கட பலவீனம் வேறை இடம். 'பட்டம்', 'படம்' ரெண்டிலயும் எங்களுக்கு அதே ட எழுத்து, ஒலி மட்டும் இடத்தைப் பொறுத்து மாறுது. அதால ரெண்டு டி-க்கும் நடுவில, இசட்டுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில, எங்கட காது பிரிச்சுக் கேக்கப் பழகேல்லை. நாய் 'ஹொன்ட்'. கேட்டா டைகர் டி மாதிரித்தான் இருக்கும், எழுதிறது டெல்லி டி. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பன்மையைச் சொல்லிப் பாருங்கோ: 'ஹொன்டென்', டி மெலிஞ்சு வருது. பத்திரிகைக்கு 'க்ரன்ட்', பன்மையிலயும் டி வன்மையாவே இருக்கு, அதால டைகர் டி. நீட்டிச் சொல்லிக் கேக்கிறதுதான் வழி.

மாஸ்நதி

மன்னிக்கணும், கொஞ்சம் மாறுபடறேன். தொடக்கத்துல எழுத்துக்கூட்டலுக்கு இவ்வளவு நேரம் கொடுக்கிறது சரியான்னு எனக்குத் தோணுது. ஒரு ஏ கூடினாலும் குறைஞ்சாலும் படிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் புரிஞ்சிடும். வாக்கியத்துல வினை இடம் மாறி விழுந்தா எதிர்ல இருக்கிறவர் முகம் சுருங்குது. நான் முதல்ல சொல்லித் தர்றது வினையோட இடம்தான்.

சாதாரண வாக்கியத்துல வினை எப்பவும் ரெண்டாவது இடத்துல. 'நாளைக்கு நான் சந்தைக்குப் போறேன்': 'மொர்ஹென் ஹா இக் நார் டெ மார்க்ட்'. நாளை, போறேன், நான், சந்தைக்கு. 'நாளை'ங்கற சொல் முதல் இடத்தைப் பிடிச்சதும், ரெண்டாவது இடம் வினைக்கு, 'நான்' பின்னால நகர்ந்துடும். நம்ம ஆளுங்க 'மொர்ஹென் இக் ஹா'ன்னு போடறதை அடிக்கடி கேக்கறேன். அது டச்சுக் காதுக்கு ரொம்ப உறுத்தும்.

ஆனா 'ஒம்டட்' வந்துட்டா நமக்குக் கொண்டாட்டம். 'ஒம்டட் இக் மொர்ஹென் நார் டெ மார்க்ட் ஹா'. அப்படியே சொல்லுக்குச் சொல் தமிழாக்குங்க: ஏன்னா, நான், நாளைக்கு, சந்தைக்கு, போறேன். வரிசை ஒண்ணுகூட மாறலை! துணை வாக்கியத்துல வினை கடைசிக்குப் போகுது, நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கமான இடம். 'டட்', 'அல்ஸ்', 'டூன்', 'ஒம்டட்' எல்லாம் இந்த வகை. 'வன்ட்'டுக்கும் அதே 'ஏன்னா' பொருள்தான், ஆனா அது வரிசையை மாத்தாது: 'வன்ட் இக் ஹா மொர்ஹென் நார் டெ மார்க்ட்'. ஆங்கிலத்தை நடுவுல வெச்சு யோசிக்கிறவங்களுக்கு 'ஒம்டட்' வாக்கியம் தடுக்குது. நேரா தமிழ்லேருந்து போனா தானா வந்து உக்காரும்.

காவிரிக்கரை

'ஒம்டட்' வாக்கியத்தைச் சத்தமாப் படிச்சேன், சிலிர்ப்பா இருந்தது. வகுப்புல எல்லாரும் ஆங்கிலத்துலேருந்துதான் மாத்தறோம், டீச்சரும் ஆங்கிலத்துலதான் ஒப்பிடறாங்க.

அப்ப பிரியற வினை எப்படி? எழுந்திருக்கிறதுக்கு 'ஒப்ஸ்டான்'னு சொல்லிக்கொடுத்தாங்க. சில இடத்துல சேர்ந்து வருது, சில இடத்துல 'ஒப்' தனியா வாக்கியத்தோட கடைசியில கிடக்குது.

மாஸ்நதி

வினை ரெண்டாவது இடத்துக்கு வரும்போது 'ஒப்' கூட வராது, கடைசியிலேயே நின்னுடும்: 'இக் ஸ்டா ஒம் ஸேவென் யூர் ஒப்', ஏழு மணிக்கு எழுந்திருக்கிறேன். வினையே கடைசிக்குப் போற துணை வாக்கியத்துல ரெண்டும் சந்திச்சுடும், அங்க ஒரே சொல்லா எழுதணும்: 'ஒம்டட் இக் ஒம் ஸேவென் யூர் ஒப்ஸ்டா'. இடைவெளி விடக்கூடாது. ஆக, இதுலயும் எழுத்துக்கூட்டல் வந்துடுச்சு. நாவலடி அக்கா ஒத்துக்குவாங்க.

நாவலடி

வாக்கிய ஒழுங்கு முக்கியம் எண்டதில எனக்கு மாறுபாடு இல்லைத் தம்பி. ஆனா எழுத்தைப் பிறகு பாப்பம் எண்டு விட்ட ஆக்களை நூலகத்தில நடக்கிற மொழிக் கூட்டங்களில சந்திக்கிறன். வருசக்கணக்கா நல்லாக் கதைப்பினம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேணும் எண்டா பிள்ளையைக் கூப்பிடுவினம். பேச்சும் எழுத்தும் சேர்ந்து வளர வேணும். 2022 ஜனவரி 1-இல நடைமுறைக்கு வந்த, குடியேறி வந்த ஆக்களுக்கான ஒருங்கிணைப்புச் சட்டத்தில பொதுவான இலக்கு பி1 எண்ட நடுத்தர மொழி நிலை, அதில எழுத்துக்கும் தனிச் சோதினை இருக்கு. அதுக்காக மட்டும் சொல்லேல்லை. சொந்தக் காரியத்துக்கு இன்னொருவரின்ர கையை எதிர்பார்த்து நிக்கிற நிலை எங்கட ஆக்களுக்கு வரக்கூடாது.

காவிரிக்கரை

மின்னஞ்சல்னு சொன்னதும் ஒரு சந்தேகம். 'ஆகிறேன்', 'ஆகிறான்' ரெண்டுமே காதுக்கு 'வொர்ட்'தான். எழுதறதுல ஒண்ணுக்கு டெல்லி டி, இன்னொண்ணுக்கு டெல்லி டி, டைகர் டி ரெண்டும். இறந்தகாலத்துல வேற எப்ப எந்த டின்னு தெரியலை.

கென்ட்வாசி

பெல்ஜியத்துல கென்ட்டிலிருந்து எழுதுறேன். இந்த இரட்டை டி விஷயத்துல இங்க பிறந்து வளர்ந்தவங்களே தடுமாறுவாங்க, அதனால மனசு விட்டுடாதீங்க. நான் செய்யறது இதுதான். சந்தேகம் வந்தா அந்த இடத்துல நடக்கறதுக்கான 'லோபென்' வினையைப் போட்டுப் பார்ப்பேன். 'இக் லோப்', 'ஹெய் லோப்ட்'. அவனுக்குக் கடைசியில ஒரு டி காதுல விழுது இல்லையா? அப்ப 'ஹெய் வொர்ட்'டுலயும் அந்த டைகர் டி-யைச் சேர்த்தே ஆகணும், அடிச்சொல்லோட டெல்லி டி-க்குப் பின்னால. 'இக்'குக்கு எதுவும் விழலை, அப்ப சேர்க்கக்கூடாது.

இறந்தகாலத்துக்கு ஒரு நினைவுச் சொல் வகுப்புல வரும்: 'ட் கொஃப்ஸ்ஹிப்'. கொஃப்ங்கறது பழைய பாய்மரக் கப்பல் வகை. அந்தச் சொல்லில இருக்கிற மெய்கள் டைகர் டி, கே, எஃப், எஸ், சி-எச், பேப்பர் பி. அடிச்சொல் இதுல ஒண்ணில முடிஞ்சா இறந்தகாலத்துக்கு டைகர் டி, ஈ. இல்லைன்னா டெல்லி டி, ஈ. வேலை செய்ய 'வெர்கென்', அடி கே-ல முடியுது, அதனால 'வெர்க்டெ' டைகர் டி. 'வோனென்' என்-ல முடியுது, 'வோன்டெ' டெல்லி டி. 'ஹெ' சேர்த்து வர்ற முடிவு வடிவத்துக்கும் அதே டி: 'ஹெவெர்க்ட்' டைகர், 'ஹெவோன்ட்' டெல்லி.

காவிரிக்கரை

அப்ப 'லேவென்'? நாவலடி அக்கா சொன்னபடி 'லேஃப்', எஃப்ல முடியுது. எஃப் அந்தக் கப்பல்ல இருக்கு. டைகர் டி தானே வரணும்?

கென்ட்வாசி

இல்லை, இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க. பார்க்க வேண்டியது 'லேஃப்'பை இல்லை, முழு வினையிலிருந்து ஈ-என் கழிச்சதும் நிக்கிற மெய்யை. 'லேவென்'ல அது வி. வி கப்பல்ல இல்லை. அதனால டெல்லி டி: 'லேஃப்டெ'. எழுத்துல எஃப் இருந்தாலும் முடிவு வி-யோட கணக்குப்படி. பயணம் செய்ய 'ரெய்ஸென்' அதே மாதிரி: எழுதறது எஸ், கணக்கு இசட், முடிவு டெல்லி டி. இந்த ரெண்டு வினையையும் மாதிரியா வெச்சுக்குங்க, இதே போல வர்ற மத்ததெல்லாம் இதுக்குள்ள அடங்கும்.

தறிக்காரன்

ஆங்கிலத்து 'தி' மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற டெ, ஹெட் பத்தி யாரும் பேசலையேங்க. புதுசா வர்றவங்களுக்கு அதுவும் பெரிய சுமை.

பெரும்பாலான பெயர்ச்சொல்லுக்கு 'டெ'. பன்மைன்னா எல்லாத்துக்கும் 'டெ'. சின்னதாக்கற 'யெ' பின்னாடி சேர்ந்தா எல்லாத்துக்கும் 'ஹெட்'. பொண்ணுக்கு 'மெய்ஷெ', அதுலயும் அந்த 'யெ' இருக்கறதால 'ஹெட் மெய்ஷெ'. 'இங்', 'ஹெய்ட்', 'டெய்ட்' இப்படி முடிஞ்சா 'டெ'. மிச்சத்தைச் சொல்லோட சேர்த்தே பாடம் பண்ணோணும். 'பூக்'ன்னு தனியாப் படிக்காதீங்க, 'ஹெட் பூக்'ன்னு படிங்க.

இதைத் தப்பா வெச்சா பெயரடையும் தப்பாயிருமுங்க. 'ஒரு அழகான தோட்டம்': 'என் மோயெ டவ்ன்', தோட்டம் 'டெ' சொல், அதனால ஈ சேருது. 'ஒரு அழகான புத்தகம்': 'என் மோய் பூக்', ஈ இல்லை. 'அந்த அழகான புத்தகம்'னா 'ஹெட் மோயெ பூக்', ஈ வந்துரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற பெயரடையில ஈ விடற முக்கியமான இடம்: 'ஹெட்' சொல், ஒருமை, முன்னாடி 'ஒரு'ங்கற 'என்'. மத்த இடத்துல பெரும்பாலும் போட்டுருங்க.

காவிரிக்கரை

புகைப்படத்துக்கு 'ஃபோடோ', பன்மையில எஸ்ஸுக்கு முன்னாடி மேல ஒரு காற்புள்ளி மாதிரி குறி. கடலுக்குப் பன்மையில ஈ மேல ரெண்டு புள்ளி. இதெல்லாம் தனித்தனியா மனப்பாடம் பண்ணணுமா?

நாவலடி

தேவையில்லை பிள்ளை, எல்லாம் முதல்ல சொன்ன அசைக் கணக்குத்தான்! 'ஃபோடோ'வோட எஸ்ஸை நேரா ஒட்டினா கடைசி அசை மெய்யில முடியும். ஒற்றை ஓ குறில் ஆகிவிடும், 'ஃபோடொஸ்' எண்டு வாசிப்பினம். அசை திறந்தே இருக்கட்டும் எண்டு அந்தக் குறி. 'ஔடோ', 'டக்ஸி', 'பராப்ளூ' எல்லாத்துக்கும் அதே. ஆனா அன்பளிப்புக்கான 'கடோ' ஈ, ஏ, யு எண்டு மூண்டு எழுத்தில முடியுது. அதைக் குறிலா ஆரும் வாசிக்க ஏலாது, அதால எஸ்ஸை நேரா ஒட்டலாம்.

கடல் 'ஸே', பன்மை 'ஸேயென்'. ஈ-ஈ-க்குப் பின்னால இன்னொரு ஈ-யும் என்னும். மூண்டு ஈ ஒண்டா நிண்டா எங்க வெட்டுறது எண்டு தெரியாது. மூண்டாவதுக்கு மேல ரெண்டு புள்ளி வைச்சா 'இங்க புது அசை தொடங்குது' எண்டு அர்த்தம். பெல்ஜியத்தின்ர பேரிலயும், 23 எண்ட எண்ணை எழுத்தில எழுதேக்கயும் இதே புள்ளிகளைக் காணலாம்.

அசைக் கணக்குக்கு அடங்காதது 'எய்' ஒலி. ஈ-ஐ எண்டும் எழுதலாம், ஐ-ஜே எண்டும் எழுதலாம், ஒலி ஒண்டு. லெய்டன் நகரம் ஈ-ஐ. துன்பப்படுறதுக்கும் அதே ஒலி, அது ஐ-ஜே. பயணம் ஈ-ஐ, அரிசி ஐ-ஜே. இதைக் கண்ணால பாத்துப் பாத்துத்தான் பழக வேணும். ஐ-ஜே சொல்லின்ர தொடக்கத்தில வந்து பெரிய எழுத்து போட வேண்டி வந்தா ரெண்டையும் பெரிசாப் போட வேணும். எய்ஸல்மேர் ஏரியின்ர பேர்ப்பலகையைப் பாருங்கோ.

காவிரிக்கரை

பலகைன்னதும் ஞாபகம் வருது. இங்க ஒரு பழைய மீன்கடை முகப்புல 'விஸ்'ங்கற சொல்லுக்குப் பின்னாடி சி, எச் ரெண்டும் இருக்கு. அகராதியில அப்படி இல்லையே?

கென்ட்வாசி

அது பழைய கூட்டல். 1860-களில் டெ வ்ரீஸ், டெ விங்கெல்னு ரெண்டு அறிஞர்கள் பேரகராதிக்காக ஒரு கூட்டல்முறை வகுத்தாங்க. அதுல மீனுக்கும் மனிதனுக்கும் கடைசியில சி-எச் இருந்தது, ஒலி போய் ரொம்ப காலமாகியும். இன்னும் முக்கியமா, மரங்களுக்கு ஓ ரெண்டு எழுதினாங்க. சொல்லோட பழைய வரலாற்றைப் பார்த்துச் சில ஓ-க்களைத் திறந்த அசையிலயும் இரட்டையா வெச்சாங்க. இந்த இழையில நாம படிச்ச விதி அப்ப முழுசா இல்லை. எந்த ஓ எந்த வகைன்னு பள்ளிப் பிள்ளைங்க மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

இதை எதிர்த்து 1891-ல் கொல்லெவெய்ன்ங்கற ஆசிரியர் 'நம் தொல்லைபிடித்த எழுத்துக்கூட்டல்'னு பொருள்படற கட்டுரை எழுதினார். 1934-ல் கல்வி அமைச்சர் மார்ஹன்ட் எளிமையாக்கின முறையைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 1946-ல் பெல்ஜியத்திலயும் 1947-ல் நெதர்லாந்திலயும் அது சட்டமாச்சு. அதுக்கு முந்தைய கடைப்பலகை, கல்வெட்டு, குடும்பப் பெயர், ஊர்ப்பெயர்ல பழசு அப்படியே நிக்குது. டென் பொஸ் நகரத்தோட முழுப்பேர்ல இன்னும் அந்த சி-எச் இருக்கு. நம்ம படிக்கிற அசை விதியை யாரோ பாடுபட்டுத்தான் இவ்வளவு சுத்தமாக்கியிருக்காங்க. அதனாலதான் எனக்கு இந்த விதி மேல ஒரு மரியாதை.

1980-ல் ரெண்டு நாடும் சேர்ந்து மொழி ஒன்றியம் அமைச்சாங்க, தென் அமெரிக்காவுல டச்சு பேசற சுரினாம் 2004-ல் இணைஞ்சது. அதனால கென்ட், உட்ரெக்ட், பரமாரிபோ எல்லா இடத்துலயும் ஒரே கூட்டல். 1954-லிருந்து வர்ற அதிகாரபூர்வச் சொற்பட்டியலைப் பச்சைப் புத்தகம்னு சொல்வாங்க, இப்ப இணையத்துல இலவசமாத் தேடலாம்.

மாஸ்நதி

1995 மாற்றத்தையும் சொல்லுங்க. தட்டையா சுடற 'பன்னெகூக்' பலகாரத்துக்கு அந்த வருஷம் நடுவுல ஒரு என் சேர்ந்தது. முதல் சொல்லோட பன்மை 'பன்னென்', அதனால என். ஆனா சூரிய ஒளிக்கு 'ஸொன்னெஸ்ஹெய்ன்', என் கிடையாது, சூரியன் ஒண்ணுதான்ங்கற காரணத்தால. 2005-ல் மறுபடி திருத்தினாங்க, சில பத்திரிகைகள் அதை ஏத்துக்கலை, அந்தக் கோபத்துல 2006-ல் வெள்ளைப் புத்தகம்னு தனிப் பட்டியலே வந்தது. தொடக்கநிலையில இந்த நடு என்னுக்கு நேரம் செலவழிக்காதீங்க. சேர்த்து எழுதறதை மட்டும் பழகுங்க. மருத்துவக் காப்பீட்டுக்கு 'ஸீக்டெகொஸ்டென்வெர்ஸேகெரிங்', நோய், செலவு, காப்பீடு மூணும் ஒரே சொல், இடைவெளியே இல்லை. டெ-யா ஹெட்டா? கடைசிச் சொல்லைப் பாருங்க. 'இங்'ல முடியுது, 'டெ'.

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கடைசிச் சந்தேகம். 'நீ டாக்டர் ஆகிறாயா?'ன்னு கேக்கும்போது 'வொர்ட் யெ'ல டெல்லி டி மட்டும்னு டீச்சர் சொன்னாங்க. அதே பக்கத்துல இன்னொரு வாக்கியத்துல 'வொர்ட் யெ ப்ரூர்', அதுல ரெண்டு டி-யும் இருக்கு. ரெண்டிலயும் 'யெ' தானே பின்னால வருது?

நாவலடி

'யெ' ரெண்டும் வேறை வேறை. முதலாவதில 'யெ' எண்டா 'நீ', அதுதான் எழுவாய். 'நீ' வினைக்குப் பின்னால போனா டைகர் டி விழுந்துவிடும். இரண்டாவதில 'யெ ப்ரூர்' எண்டா 'உன்ர சகோதரன்'. எழுவாய் அவன், அவனுக்கு டைகர் டி எப்பவும் உண்டு, முன்னால நிண்டாலும் பின்னால நிண்டாலும். கென்ட் தம்பி சொன்னபடி 'லோபென்' போட்டுப் பாருங்கோ: 'லோப் யெ', ஆனா 'லோப்ட் யெ ப்ரூர்'. காது தானே சொல்லும்.

வியாழக்கிழமை வகுப்புக்கு எழுதிற பந்தியை, டீச்சரிட்டக் குடுக்க முந்தி இங்க போடுங்கோ. ஆளுக்கு ரெண்டு வரி பாப்பம்.